வாயில்லாப் பிள்ளை

நாடுகளை மனிதர்களாக வரைந்து விளையாடுவது இப்போது இளவட்டங்களிடம் ஒரு மோகம். இங்கிலாந்து என்றால் தடித்த புருவம் வைத்த முன்கோபி. பிரான்ஸ் என்றால் கையில் ரோஜாவோடு அலையும் மைனர். அமெரிக்கா என்றால் வாய் நிறையப் பர்கரும் வார்த்தையும் வைத்திருக்கும் தடியன். ஆளுக்கொரு குணம், ஆளுக்கொரு கிறுக்கு. காலனிகள் பக்கம் வரும்போது மட்டும் கற்பனை வறண்டுவிடும். எல்லாக் காலனியும் குழந்தை. பெரிய கண், குனிந்த தலை, எசமானின் கோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளியும் கூச்ச சுபாவம். கேட்டால் பதில் சொல்லாது. அதற்காக வேறு யாராவது பேச வேண்டும்.

வசதியான குழந்தை.

வரைகிறவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இந்தப் படத்தை முதலில் போட்டது அவர்கள் இல்லை. தாய்நாடு என்ற பட்டத்தைத் தனக்குத்தானே சூட்டிக்கொண்ட பிரான்ஸ், கடல் தாண்டிப் பிடித்த இடத்தையெல்லாம் பிள்ளை என்றது. பிள்ளை சொத்துக் கணக்குக் கேட்காது. பிள்ளையை அடித்தாலும் அதற்குப் பெயர் வளர்ப்பு.

நம் வீட்டு வாசலிலேயே அப்படி ஒரு பிள்ளை இருக்கிறது. புதுச்சேரி. அதையே வரைந்து பார்த்துவிடுவோம்.

உடை சுலபம். தலைக்குச் சிவப்புத் தொப்பி. போலீஸ்காரர்களிடம் இன்னும் இருக்கிறது, ஒன்று வாங்கி மாட்டலாம். சட்டைக்கு மஞ்சள் பூச்சு, வெள்ளை ஓரம். காதோரம் காகிதப்பூ. ஒரு கையில் குரசான். இன்னொரு கையில் என்ன கொடுப்பது என்பது வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரிசை கட்டி வருகிற கார்களுக்குத் தெரியும். குழந்தை கையில் பாட்டிலா என்று பதறாதீர்கள். அந்த வருமானத்தில்தான் குழந்தைக்குச் சோறு.

உடம்பு போடும்போதுதான் பென்சில் தடுமாறும். தலை வங்கக் கடலோரம். கால் சுமார் 130 கிலோமீட்டர் தெற்கே, காரைக்காலில். ஒரு கை கேரளத்துக்குள், மாஹே. மொத்தமே 9 சதுர கிலோமீட்டர். இன்னொரு கை ஆந்திரத்தில், காக்கிநாடா பக்கம், ஏனாம். தலையாவது முழுசாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரே ரோட்டில் போகும்போது தமிழ்நாடு வரும், புதுச்சேரி வரும், மறுபடி தமிழ்நாடு வரும். எங்கே இருக்கிறோம் என்பதைப் பிராந்திக் கடை போர்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தத் தாயும் இப்படிப் பெறமாட்டாள். கம்பெனி பெறும்.

பெற்றதும் பிரெஞ்சுக் கம்பெனிதான். 1674இல் பிரான்சுவா மர்த்தேன் வந்து இறங்கியது பிள்ளை வளர்க்க அல்ல, துணி வாங்க. நெசவாளர் வீட்டில் துணி இருந்தது. கடலில் கப்பல் நின்றது. நடுவே ஒரு கிடங்கு வேண்டியிருந்தது. அந்தக் கிடங்குக்குத்தான் பிற்பாடு அம்மா முளைத்தாள்.

தாய்ப்பாசத்தின் லட்சணத்தையும் பாருங்கள். 1693இல் டச்சுக்காரன் தூக்கிக்கொண்டு போனான். ஆறு வருஷம் கழித்துத் திருப்பித் தந்தான். 1761இல் இங்கிலீஷ்காரன் பிடித்து, கோட்டையையும் ஊரையும் தரைமட்டமாக்கினான். பாரிசில் ஒப்பந்தம். திருப்பித் தந்தான். 1778இல் மறுபடி பிடித்தான். வெர்சாயில் ஒப்பந்தம். திருப்பித் தந்தான். 1793இல் மறுபடி. கடைசியாக 1816இல் திரும்பி வந்தது. ஐரோப்பாவில் இரண்டு ராஜாக்களுக்கு ஆகவில்லை என்றால் இங்கே வீடு இடிந்தது. அவர்கள் கை குலுக்கினால் இங்கே கொடி மாறியது. இத்தனை தடவையில் ஒரு தடவையாவது, நீ யாரோடு போகிறாய் என்று பிள்ளையைக் கேட்டார்களா? நம் ஊர்க் குடும்ப நல நீதிமன்றம்கூட அதைக் கேட்கும்.

கவர்னர் டூப்ளெக்ஸ் காலத்தில், 1748இல், வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. அவருடைய துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கோயில் போன கதை நாட்குறிப்பில் கிடக்கிறது. கவர்னர் பீச் ரோட்டின் தெற்குக் கோடியில் சிலையாக நிற்கிறார். எங்கே என்று நினைக்கிறீர்கள்? குழந்தைகள் பூங்காவில்.

பிள்ளைக்கு ஓட்டுரிமை கொடுத்தோம் என்று பிரான்ஸ் பெருமை பேசும். பேசட்டும், கொடுத்தது உண்மை. 1871இலிருந்து பாரிஸ் நாடாளுமன்றத்தில் இந்த ஊருக்கு ஓர் இடம். அன்றைய பிரிட்டிஷ் இந்தியா கனவில்கூடக் காணாத பாக்கியம். அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பிரான்ஸ்காரர்கள் என்பதை மட்டும் மெதுவாகச் சொல்வார்கள். உள்ளூர்த் தேர்தலில் ஐரோப்பியருக்குத் தனிப் பட்டியல், தங்கள் குலவழக்கைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களுக்குத் தனிப் பட்டியல், மீதிச் சனத்துக்குத் தனிப் பட்டியல். தலைக்கணக்கு ஒன்று, இடக்கணக்கு வேறொன்று. தேர்தல் நாளில் தடி, கத்தி, கள்ள ஓட்டு. சாவடிக்கு வராதவன் ஓட்டும் விழும், சுடுகாட்டுக்குப் போனவன் ஓட்டும் விழும். இந்த ஒரு பாடத்தைப் பிள்ளை மறக்காமல் கற்றுக்கொண்டது.

யுத்தம் வந்தால் மட்டும் பிள்ளை சட்டென்று ஆம்பிளை ஆகிவிடும். முதல் உலகப் போருக்கு வா. இந்தோசீனாவுக்கு வா. சைகோனில் துப்பாக்கி தூக்கு. போய்ச் செத்தவர்களுக்குப் பீச் ரோட்டில் நினைவுச் சின்னம். போய்த் திரும்பியவர்கள் வீட்டுக்குச் சொல்தா வீடு என்று பெயர், மாதா மாதம் பாரிஸ் பென்ஷன். பிரான்ஸ் விட்டுப்போன பந்தங்களில் ஒழுங்காக வேலை செய்வது அந்தப் பென்ஷன் ஒன்றுதான்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளையும் அழுது பார்த்தது. மில்லுக்குள் விடியும் முன் போனவன் இருட்டிய பின் வெளியே வந்தான். நேரத்தைக் குறை, சங்கம் வைக்க விடு என்று கேட்டான். 1936 ஜூலை 30. பால் வரவில்லை. குண்டு வந்தது. 12 தொழிலாளர்கள் செத்தார்கள். அப்போது பாரிசில் இருந்தது கொடுங்கோல் அரசு இல்லை. தொழிலாளர் தோளில் ஏறி வந்த இடதுசாரிக் கூட்டணி அரசு. அங்கே தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை, வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்று சட்டம் போட்ட அதே கோடையில், இங்கே தொழிலாளியின் நெஞ்சில் ஈயம். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றுக்கும் கப்பலில் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. மறு வருஷம் எட்டு மணி நேர வேலை வந்தது. ஆசியாவிலேயே முன்னோடி என்று இன்றைக்கு மேடையில் மார்தட்டுகிறார்கள். தட்டுவதற்கு முன்னால் அந்த 12 பேரை ஒருமுறை எண்ணிவிட்டுத் தட்டலாம்.

கூச்ச சுபாவமாம்!

அப்புறம் 1954. பிள்ளை யாரோடு இருப்பது என்ற கேள்வி கடைசியில் வந்தேவிட்டது. அக்டோபர் 18, கீழூர். பந்தல் போட்டு ஓட்டு நடந்தது. ஓட்டுப் போட்டவர்கள் 178 பேர். சட்டமன்ற உறுப்பினர்கள், கொம்யூன் கவுன்சிலர்கள். இணைப்புக்கு 170, எதிராக 8. முடிந்தது. ஊர் இணைப்பைத்தான் விரும்பியது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஊரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருக்கும். கேட்கவில்லை. அவ்வளவுதான். பிரான்சின் இன்னொரு பிள்ளை நியூ கலிடோனியாவை 2018, 2020, 2021 என்று மூன்று முறை கூப்பிட்டுக் கேட்டார்கள். இங்கே லட்சக்கணக்கான சனத்துக்கு 178 வாய். அந்த 178 பேரும் முன்சொன்ன தடி, கத்தித் தேர்தலில் வந்தவர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து மன்னர் எதுவார் குபேர். பிரெஞ்சு ஆட்சியின் வலது கையாக இருந்தவர். 1954 மார்ச்சில் காற்று மாறியது, அவரும் மாறினார். நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏற்றினார். 1963இல் முதல் முதலமைச்சர் ஆனார். பீச் ரோட்டுக்கு அவர் பெயர், பெரிய மார்க்கெட்டுக்கு அவர் பெயர். எந்தப் பக்கம் இருந்தாலும் மேலே இருப்பது எப்படி என்பதற்குப் பாடநூல் எழுதலாம். எழுத வேண்டிய அவசியமில்லை. புதுச்சேரிச் சட்டமன்றத்தில் கட்சி மாறுவதற்கு யாருக்கும் டியூஷன் தேவைப்பட்டதில்லை.

பிறந்த நாள் விஷயத்தில் மட்டும் நம் பிள்ளைக்குக் குறையில்லை. ஆகஸ்ட் 15 ஒன்று. 1954இல் நிர்வாகம் கை மாறிய நவம்பர் 1 ஒன்று. ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தானாலும், அல்ஜீரியாவில் கை சுட்டுக்கொண்டிருந்த பாரிஸ் நாடாளுமன்றம் அதை ஒப்புக்கொள்ள 1962 வரை இழுத்தது. அதற்காக ஆகஸ்ட் 16 இன்னொன்று. ஆக, 15ஆம் தேதி ஒரு கொடி, 16ஆம் தேதி கீழூரில் ஒரு கொடி. போதாதென்று ஜூலை 14 பிரெஞ்சுத் தேசிய நாளுக்கு வாணவேடிக்கை, விளக்கு ஊர்வலம். இத்தனை பிறந்த நாள் கொண்டாடியும் பிள்ளைக்கு வயது மட்டும் ஏறவில்லை. மேஜர் ஆகவில்லை. ஆக விடவில்லை.

பாரிஸ் அம்மா போனாள். டெல்லி அப்பா வந்தார். வீடு அதே வீடு. பிரெஞ்சுக் கவர்னர் குடியிருந்த மாளிகையே ராஜ்நிவாஸ் ஆனது, துணைநிலை ஆளுநர் குடியேறினார். 1963ஆம் வருஷத்து யூனியன் பிரதேசச் சட்டம். முதலமைச்சர் உண்டு, மந்திரி உண்டு, சைரன் வைத்த கார் உண்டு. கோப்பு மட்டும் ஆளுநரிடம் போய்த் திரும்ப வேண்டும். திரும்பினால்.

சட்டமன்றத்துக்கு 30 பேரைச் சனம் தேர்ந்தெடுக்கும். மூன்று பேரை மத்திய அரசு அனுப்பும். 2016 தேர்தலில் பா.ஜ.க. இங்கே ஓர் இடம்கூட ஜெயிக்கவில்லை. 2017இல் அந்தக் கட்சிக்குச் சட்டமன்றத்தில் மூன்று உறுப்பினர்கள். ராஜ்நிவாசிலேயே பதவிப் பிரமாணம். உச்ச நீதிமன்றமும் செல்லும் என்றுவிட்டது. சட்டப்படி சரி. எல்லாமே சட்டப்படி சரியாகத்தான் நடக்கும் இந்த ஊரில். டூப்ளெக்ஸ் காலத்திலும் சட்டம் இருந்தது.

ஆளுநர் கிரண் பேடிக்கும் முதலமைச்சர் நாராயணசாமிக்கும் நடந்த கூத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2019 பிப்ரவரியில் ஒரு முதலமைச்சர் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ராஜ்நிவாஸ் வாசலில், ரோட்டில், படுத்துத் தூங்கினார். உள்ளே ஏ.சி. ஓடியது, வெளியே ஜனநாயகம் கொசு அடித்தது. அதே வருஷம் ஏப்ரலில், அன்றாட நிர்வாகத்தில் ஆளுநர் தலையிடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி சொன்னார். அடுத்த வருஷம் மார்ச்சில் இரண்டு நீதிபதிகள் அதை ரத்து செய்தார்கள். பிள்ளை மறுபடி மூலையில்.

எனக்கு மறக்காதது 2018 ஏப்ரல். கிராமத்தைச் சுத்தமாக்கி, திறந்தவெளியில் மலம் கழிப்பதில்லை, குப்பை இல்லை என்று சான்றிதழ் வாங்கி வந்தால்தான் இலவச அரிசி என்றார் ஆளுநர். படியுங்கள், இன்னொரு முறை படியுங்கள். கை கால் கழுவிவிட்டு வந்தால்தான் சோறு. ஓட்டுப் போடுகிற, வரி கட்டுகிற, பேரன் பேத்தி எடுத்த மனிதர்களிடம் சொன்ன வாக்கியம் இது. கூச்சல் எழுந்த பிறகு அந்த உத்தரவு பின்வாங்கியது. அரிசி பின்வாங்கியதற்கு உத்தரவே தேவைப்படவில்லை. அரிசியா பணமா என்று ஆளுநரும் முதலமைச்சரும் மல்லுக்கட்டியதில் ரேஷன் கடைகள் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. கடை ஊழியர்கள் சம்பளமில்லாமல் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். 2024 அக்டோபரில்தான் ஷட்டர் மறுபடி ஏறியது. அதற்கு ஒரு விழா. பூட்டியவர்கள் வகையறாவே மாலை போட்டுக்கொண்டு திறந்துவைத்தார்கள்.

இன்னொரு வேடிக்கையும் இந்த ஊரில்தான் பார்க்க முடியும். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் புதுச்சேரித் தமிழர், பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்கு இங்கேயே, உள்ளூர்ச் சாவடியில் ஓட்டுப் போடுகிறார். அவர் ஓட்டு, அணுகுண்டுப் பொத்தான் வைத்திருக்கும் ஒரு மனிதரைத் தேர்ந்தெடுக்கிறது. அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் இந்தியக் குடிமகன். அவர் ஓட்டு, ஒரு குமாஸ்தாவை மாற்றுவதற்கும் கோப்பு அனுப்பிக் காத்திருக்கும் ஒரு முதலமைச்சரைத் தேர்ந்தெடுக்கிறது. காலனியை விட்டு விடுதலை ஆனது யார் என்று அந்த இருவரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்துக் கேட்கலாம்.

காசு விஷயத்துக்கு வருவோம். ஜி.எஸ்.டி. சட்டத்துக்குப் புதுச்சேரி ஒரு மாநிலம். சட்டமன்றம் வைத்திருக்கிறாயே, வா, வரிசையில் நில். நல்லது. நிதிக்குழு மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்கும் நாளில் போய் நின்றால், நீ மாநிலம் இல்லையே தம்பி, யூனியன் பிரதேசம். சரி, யூனியன் பிரதேசக் கணக்கிலாவது கொடுங்கள் என்றால், உனக்குத்தான் சட்டமன்றம் இருக்கிறதே. வரி வாங்கும்போது பெரியவன். பங்கு கேட்கும்போது குழந்தை. பங்குக்குப் பதிலாக உதவித்தொகை. எவ்வளவு என்பது கொடுக்கிறவர் மனசு. மீதிக்குக் கடன், கடனுக்கு வட்டி, வட்டிக்குச் சாராய வரி.

டெல்லியை மட்டும் திட்டி முடித்தால் உள்ளூர்ப் புண்ணியவான்களுக்குக் கோபம் வரும். அவர்களையும் கவனிப்போம்.

மில்லை எடுங்கள். ஏ.எஃப்.டி., ஊர்வாயில் ரோடியர் மில். 1898இல் தொடங்கியது. குண்டடி பட்டு எட்டு மணி நேரத்தை வாங்கிக் கொடுத்த பரம்பரை. பிற்பாடு அரசே எடுத்து நடத்தியது. நடத்திய அழகில் நஷ்டம். 2011 கடைசியில் தானே புயல் கூரையைப் பிய்த்தது. அதற்கப்புறம் மில் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் மில்லைத் திறப்போம் என்று எல்லாக் கட்சியும் சொல்லிற்று. 2020 ஏப்ரல் 30, ஊரடங்கு நாளில், ஒரேயடியாக மூடினார்கள். கூட்டம் கூடி அழக்கூட முடியாத நாள். சுற்றுலாத் துறையின் விளம்பர வாசகம் என்ன தெரியுமா? காலத்துக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள். கொடுத்துவிட்டார்கள். மில் சங்கு ஓய்வில் இருக்கிறது.

கடற்கரையை எடுங்கள். மணல் எங்கே? எண்பதுகளின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் சுவரில் முட்டி நின்றது. நகரத்தின் கடற்கரை கரைந்து போனது. கரையைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே மீனவர் குப்பங்களுக்கு நகர்ந்தது; அங்கே வீடு போனது. இப்போது கோடிக்கணக்கில் செலவழித்து, கடலுக்குள் செயற்கைத் திட்டு இறக்கி, கொஞ்சம் மணலை மீட்டு, புதிய பீச் என்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறோம். துறைமுகத்தில் கப்பல் வந்து குவிகிறதா என்று கேட்காதீர்கள். கேட்கிற பிள்ளை கெட்ட பிள்ளை.

மேரி கட்டடம்தான் இந்தக் கதைக்கு மகுடம். பிரெஞ்சுக்காரன் 1870 வாக்கில் மேயருக்காகக் கட்டியது. கடலைப் பார்த்த வெள்ளை மாளிகை. விரிசல் விட்டது, எல்லாரும் பார்த்தார்கள். செடி முளைத்தது, பார்த்தார்கள். 2014 நவம்பர் 29 மழையில் பொத்தென்று விழுந்தது, அதையும் பார்த்தார்கள். நிற்கும்போது ஒரு கொத்தனாருக்கு இல்லாத காசு, விழுந்ததும் உலக வங்கியிலிருந்து கோடி கோடியாக வந்தது. அச்சு அசலாக அதேபோல் ஒரு புதுக் கட்டடம். புதிதாகக் கட்டியதற்குப் பாரம்பரியக் கட்டடம் என்று பெயர். 2021 பிப்ரவரி 25 அன்று பிரதமர் வந்து திறந்துவைத்தார். அதே நாளில்தான் புதுச்சேரியில் குடியரசுத் தலைவர் ஆட்சியும் வந்தது. மூன்று நாள் முன்னால் சட்டமன்றத்தில் அரசு கவிழ்ந்திருந்தது. உறுப்பினர்கள் ஒவ்வொருவராக ராஜினாமா செய்ததில் கவிழ்ந்தது. ஒரே தேதியில் ஒரு கட்டடம் எழும்பியது, ஒரு சட்டமன்றம் முடங்கியது.

இதில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று பாக்கி. மேயர் மாளிகை சரி. மேயர் எங்கே?

இல்லை. நகராட்சிக்குத் தலைவரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. இந்த ஊரில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் ஒருமுறை நடந்தது. அப்புறம் 38 வருஷம் கழித்து, 2006இல், கோர்ட்டுக் கதவெல்லாம் தட்டிய பிறகு இன்னொருமுறை நடந்தது. அதோடு சரி. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த ஒரு விஷயத்தில் அப்படி ஓர் ஒற்றுமை. கவுன்சிலர் என்று ஒருத்தன் வந்தால் வாய்க்கால் கான்ட்ராக்ட் யார் கையில் போகும்? தெரு விளக்குக்கு யார் ரிப்பன் வெட்டுவது? தொகுதிக்குள் இன்னொரு பெரிய மனிதன் எதற்கு? மக்கள் பக்குவப்படவில்லை என்று பிரெஞ்சுக்காரன் சொன்னான். டெல்லி சொல்லாமல் சொல்கிறது. இவர்கள் அதையும் சொல்வதில்லை. தேர்தலை வைக்காமலே இருந்துவிடுகிறார்கள்.

இவர்கள்தான் சட்டமன்றத்தில் மாநில அந்தஸ்து கேட்டுத் தீர்மானம் போடுகிறவர்கள். ஒருமுறை இருமுறை இல்லை, பன்னிரண்டு தடவைக்கு மேல். எங்களைக் குழந்தையாக நடத்தாதே, எங்களுக்கு அதிகாரம் கொடு என்று உருக்கமாகப் பேசுவார்கள். ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் மேசையைத் தட்டும். ஒருமனதாக நிறைவேறும். டெல்லியிலிருந்து, இப்போதுள்ள நிலையே தொடரும் என்று பதில் வரும். தட்டிய கைகள் கேண்டீனில் வடைக்கு நீளும். தங்களுக்குக் கீழே ஒரு வார்டுக்குக்கூட அதிகாரம் கொடுக்க மனமில்லாதவர்கள், மேலே இருக்கிறவனிடம் அதிகாரம் கேட்டுக் கண்ணீர் விடுகிறார்கள்.

வெள்ளைக்காரன் ஊரை இரண்டாகப் பிரித்து நடுவே ஒரு வாய்க்கால் விட்டான். கடல் பக்கம் வெள்ளையர் ஊர், இந்தப் பக்கம் கறுப்பர் ஊர். பெரிய வாய்க்கால் இன்னும் ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. கடல் பக்கம் சுவருக்கு வருஷா வருஷம் மஞ்சள் பூச்சு. வாய்க்கால் தாண்டி மேற்கே போகப் போக, சுற்றுலாக் கையேட்டில் பக்கமே கிடையாது.

ரெட்டியார்பாளையம் அந்த மேற்குப் பக்கம்தான். 2024 ஜூனில் அங்கே புதுநகரில், பாதாளச் சாக்கடையிலிருந்து விஷவாயு வீட்டுக் கழிப்பறை வழியாக ஏறி வந்தது. உள்ளே போனவர்கள் மயங்கி விழுந்தார்கள். தூக்கப் போனவர்களும் விழுந்தார்கள். இரண்டு பெண்களும் 15 வயதுப் பெண் பிள்ளை ஒருத்தியும் செத்தார்கள். கழிப்பறை இருந்தால்தான் அரிசி என்று சொன்ன ஊரில், கழிப்பறைக்குப் போனவர்கள் பிணமாக வந்தார்கள். மந்திரிகள் வந்தார்கள், மாலை வந்தது, நிவாரணம் வந்தது, சாக்கடையை நோண்டிப் பார்க்கப் பொறியாளர்கள் வந்தார்கள். சாக்கடை நாற்றத்தை அந்தத் தெருக்காரர்கள் அதற்கு முன்பே சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். கூச்சப்படவில்லை. வாய் விட்டுத்தான் சொன்னார்கள்.

யாரிடம் சொல்வது என்பதுதான் சிக்கல். அந்தத் தெரு உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தது. அந்த நகராட்சிக்குச் சனம் தேர்ந்தெடுத்த கடைசிக் கவுன்சிலரின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது.